மேட்டூரில் எத்தனை அடி? வயலுக்கு எத்தனை நாள்?



வைகாசி பிறந்துவிட்டால் போதும். டெல்டாவில் டீக்கடையானாலும் சரி, களத்துமேடானாலும் சரி, முதல் கேள்வி இதுதான்: "மேட்டூர் எத்தனை அடிங்க?" தொண்ணூறு என்றால் முகம் மலர்கிறது. அறுபது என்றால், "பாதி இருக்கே, பார்த்துக்கலாம்" என்கிறோம். இந்தப் 'பாதி'யில்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. கோடிக்கணக்கு மனசில் பதியாது. ஒரு அடி ஆழத்துக்குக் கட்டி நிறுத்தினால் சுமார் 23,000 ஏக்கரை மூடுகிற தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அணை என்பது செங்குத்தாகச் சுவர் வைத்துக் கட்டிய தொட்டி இல்லை. மலைகளுக்கு நடுவே கிடக்கிற பள்ளம். அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். வாய் அகன்ற சட்டி மாதிரி. அதனால் 60 அடி இருக்கும்போது பாதித் தண்ணீர் இருக்காது. 25 டி.எம்.சி.யை ஒட்டித்தான் இருக்கும், ஏறக்குறைய கால்வாசி. 100 அடிக்கு வந்தால் சுமார் 65. கடைசிப் பத்து அடியில் மட்டும், அதாவது 110-இலிருந்து 120 வரைக்கும், 15 டி.எம்.சி. அடங்குகிறது. ஆகையால் இனிமேல் அடியைக் கேட்கிறபோதே "இருப்பு எத்தனை டி.எம்.சி.?" என்றும் கேளுங்கள். செய்தியில் இரண்டையும் சொல்கிறார்கள், நாம்தான் முதல் எண்ணோடு எழுந்து போய்விடுகிறோம்.

அடுத்தது செலவுக் கணக்கு. வினாடிக்கு 12,000 கன அடி திறந்தால், ஒரு நாளைக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்று மேலே போய்விடும். அணை நிரம்பியே இருந்தாலும், மேலேயிருந்து சொட்டு வரவில்லை என்றால் இந்தக் கணக்கில் 90 நாள்தான் தாங்கும். நமக்குத் தேவையோ, வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28 வரைக்கும், சுமார் 230 நாள். மீதி நாளுக்கு எங்கே போவது? குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்கு மழையும், கிருஷ்ணராஜசாகரும் கபினியும் தாண்டி பிலிகுண்டுலு வழியாக வருகிற வரவும்தான் கை கொடுக்க வேண்டும். இருப்பு நம் பெட்டியில் உள்ள பணம். வரவு வந்துகொண்டிருக்கிற கூலி. கூலி நின்றால் பெட்டி எத்தனை நாளைக்கு?

2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-இல் 103 அடி இருந்தது, சொன்ன தேதியில் திறந்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். பருவமழை பொய்த்தது, வரவு சுருங்கியது. அக்டோபர் 10-இல் அணையை மூட வேண்டியதாயிற்று. அப்போது நீர்மட்டம் 30 அடி அளவுக்கு இறங்கியிருந்தது. கடைமடையில் குறுவை காய்ந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு நேர்மாறு. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி அளவில் கிடந்த அணை, அந்த மாதம் 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டது! பிறகு வந்த வெள்ளத்தை அப்படியே திறந்துவிட்டார்கள்.

"போன மாசம் தண்ணி இல்லேன்னு அழுதோம், இப்ப கொள்ளிடத்துல விட்டுக் கடலுக்கு அனுப்புறாங்களே" என்று கேட்பது நியாயமான ஆதங்கம்தான். ஆனால் நிரம்பிய அணைக்கு வயிற்றில் இடமில்லை. வந்ததை விட்டுத்தான் ஆக வேண்டும். மேட்டூருக்குக் கீழே பவானியும் அமராவதியும் வேறு வந்து சேர்கின்றன. அத்தனையையும் காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் விட்டால் கரை தாங்காது. அதனால்தான் முக்கொம்பிலேயே பிரித்துக் கொள்ளிடத்தில் தள்ளுகிறார்கள். படுகையில் பயிர் வைத்திருப்பவர்கள் மோட்டாரையும் மாட்டையும் தண்டோரா போடும் வரைக்கும் விட்டுவைக்காதீர்கள். மேட்டூரில் 118 அடி, வரவு லட்சம் கன அடி என்று காதில் விழுந்தால் அதுவே தண்டோரா.

சரி, விதைப்புக்கு வருவோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து பேராவூரணிப் பக்கமோ வேதாரண்யம் பக்கமோ போய்ச் சேர இன்னும் பல நாள். வாய்க்கால் தூர் வாராமல் கிடந்தால் அதுவும் நிச்சயமில்லை. எனவே கடைமடைக்காரர்கள் திறப்புத் தேதியை வைத்து நாற்றங்கால் போடாதீர்கள். போர் தண்ணீர் இருக்கிறவர்கள் வேறு கதை.

அணை தாமதமாகத் திறந்த வருஷம் குறுவையை விட்டுவிட்டு, சம்பாவை நேரடி விதைப்பாகப் போடலாம். ஆனால் ஜனவரி 28-இலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். சி.ஆர். 1009-க்கு 155, 160 நாள் வேண்டும். செப்டம்பர் முதல் தேதி விதைத்தால் பிப்ரவரி முதல் வாரம் அறுப்பு. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடிக்கலாம் என்பதால் கணக்கு மட்டுமட்டாய்ச் சரிப்படுகிறது. அதற்கு மேல் தள்ளிப்போனால் அந்த ரகத்தை எடுக்காதீர்கள். 130, 135 நாள் ரகத்துக்கு மாறுங்கள். அப்பா காலத்திலிருந்து இதைத்தான் போடுகிறோம் என்கிற வாதம் தை மாதத்து வறண்ட வாய்க்காலிடம் செல்லாது.

இன்னொன்று. ஐப்பசியில் இங்கே அடைமழை பிடித்ததும், மேட்டூரில் திறப்பைக் குறைப்பார்கள். உடனே, "எங்க தண்ணியக் குறைச்சுட்டாங்க" என்று கிளம்பிவிடுகிறோம். வயலில் மழைத்தண்ணீர் நிற்கும்போது வாய்க்கால் தண்ணீரும் வந்தால் அது வடிகாலுக்குத்தான் போகும், பயிரும் அழுகும். அன்றைக்கு 6,000 கன அடி குறைத்து விட்டால் நாளொன்றுக்கு அரை டி.எம்.சி. அணையில் மிஞ்சும். பத்து நாள் மழைக்கு ஐந்து டி.எம்.சி. பயிர் பால் பிடிக்கிற மார்கழிக் கடைசியில் அதே தண்ணீர் உங்களுக்கே திரும்பி வரும். மழை வலுத்தால் உங்கள் மதகை அடைத்துவிட்டு லஸ்கரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் மேலே சொன்னால்தான் அங்கே ஷட்டரை இறக்குவார்கள்.