டர்போ காருக்கு எந்த எண்ணெய்?

டர்போ பொருத்திய புதுக் கார் ஒன்று உங்கள் வீட்டிற்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதன்முறை எண்ணெய் மாற்றும்போது, "நம் திருச்சி வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய்தான் தாங்கும்" என்று ஒருவர் சொல்லக்கூடும். இது சரிதானா?

டர்போ திருச்சிக்குப் புதிதன்று. பொன்மலை டீசல் பணிமனை பராமரித்து வந்த 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சின்களிலும் அது இருந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும்; சிறிய எஞ்சினும் பெரிய வேலையைச் செய்யும்.

காரில் இத்தண்டு நிமிடத்திற்கு 1 லட்சம் முறைக்கு மேல் சுழலும். பெட்ரோல் எஞ்சினின் கழிவு வாயுவோ 900 டிகிரி செல்சியசையும் எட்டக்கூடும். பெரும்பாலான டர்போக்களில் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. அந்த எண்ணெய் கருகிக் கரியாகப் படிந்தால் வழி அடைபடும், தண்டு தேயும். ஆகவே, எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைவிட, எவ்வளவு வெப்பத்தைக் கருகாமல் தாங்கும் என்பதே முக்கியம். சாதாரணக் கனிம எண்ணெயில் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். அவற்றுள் வலுவற்றவை விரைவில் சிதையும். செயற்கை எண்ணெயின் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே சீரானவை. எனவே அது அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

டப்பாவில் '5டபிள்யூ-30' என்றிருந்தால், முன் எண் கடுங்குளிரில் எண்ணெய் இளகி ஓடும் திறனைக் குறிக்கும். அதற்கான சோதனை சுழிக்குக் கீழே 30 டிகிரியில் நடைபெறுகிறது. காவிரிக் கரையில் அத்தகைய குளிர் ஏது? பின் எண்தான் எஞ்சின் சூடானபின் உள்ள பாகுத்தன்மையைக் காட்டுகிறது. உதகையானாலும் ஸ்ரீரங்கமானாலும், ஓடும் எஞ்சினின் சூட்டை தெர்மோஸ்டாட் ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கும். எனவே வெயிலுக்காக இந்த எண்ணைக் கூட்டத் தேவையில்லை. கையேடு கூறும் எண்ணே சரியானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணெய்த் துளிகள் எரியறைக்குள் புகுந்து, தீப்பொறிக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்தால் பிஸ்டனே உடையலாம். சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் இந்த அபாயம் உண்டு. அதைக் குறைப்பதற்கான சோதனையில் தேறிய எண்ணெய்களுள் ஒருவகை, 2020-இல் வந்த 'ஏ.பி.ஐ. எஸ்.பி.' தரம்.

சித்திரை வீதியிலிருந்து பாலம் கடந்து சத்திரம் பேருந்து நிலையம் வரை மட்டுமே கார் ஓடினால், எண்ணெய் நன்றாகச் சூடாவதில்லை. அதில் கலந்த பெட்ரோலும் நீராவியும் வெளியேறாமல் தங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்யும். இவ்வாறு ஓடும் காருக்குக் கையேடு குறுகிய கெடு விதித்திருந்தால், அதையே பின்பற்றுங்கள். நெடுஞ்சாலையில் விரைந்து வந்தபின் ஒரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். விலையுயர்ந்த எண்ணெயும் கெடு தாண்டினால் பயன் தராது.