வானத்து நட்சத்திரத்துக்குப் பட்டா உண்டா?

பிறந்தநாள், திருமண நாள், பிள்ளை பிறந்த சந்தோஷம் என்று அன்பளிப்பு தேடுபவர்களின் கைபேசியில் ஒரு விளம்பரம் தட்டுப்படுகிறது. பணம் கட்டினால் போதும், வானத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு நாம் சொல்லும் பெயரை வைத்துத் தருவார்களாம். சட்டம் போட்ட சான்றிதழ், நட்சத்திரம் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் எல்லாம் வீட்டுக்கே வந்துவிடும். நம் பிள்ளைகளும் இதை வாங்கத் தொடங்கிவிட்டதால், "இது கூடுமா?" என்ற கேள்வி நம்மிடமும் வருகிறது.

கூடுமா, கூடாதா என்பதற்கு முன்னால், அங்கே விற்கப்படும் பொருள் எது என்று பார்த்துவிடுவோம்.

கோவையில் ஒரு சென்ட் இடம் வாங்கினாலும் பத்திரம் பார்க்கிறோம். வில்லங்கச் சான்று எடுக்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்கிறோம். நட்சத்திரத்துக்கு அப்படி ஒரு சார்பதிவாளர் அலுவலகம் கிடையாது. நட்சத்திரங்களின் பெயர்களை உலக விஞ்ஞானிகள் பொதுவில் ஏற்பது, 1919 இல் தொடங்கப்பட்ட சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வழியாகத்தான். அந்த ஒன்றியம் பெயரை விற்பதில்லை. விற்கும் நிறுவனங்களோடு தனக்குத் தொடர்பில்லை என்றும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஆக, சான்றிதழில் உள்ள பெயர் அந்த நிறுவனம் தானே வைத்திருக்கும் பதிவேட்டில் மட்டும் இருக்கும். அதே நட்சத்திரத்தை வேறொரு நிறுவனம் வேறொருவர் பெயரில் எழுதிக் கொடுத்தால் தடுக்க ஆளில்லை. இத்தகைய நிறுவனம் ஒன்றின் விளம்பரம் மக்களை ஏமாற்றுவதாக இருக்கிறது என்று நியூயார்க் நகர நுகர்வோர் துறை 1998 இலேயே நடவடிக்கை எடுத்தது.

உண்மையாகப் பெயர் சூட்டப்படுவதும் உண்டு. அதற்குப் பணம் கேட்பதில்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம் வரும். அங்கிருந்து 1988 இல் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. 4130 என்ற எண்ணோடு அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு. இவை சிறுகோள்கள். நட்சத்திரத்துக்கே பெயர் வைக்கும் வாய்ப்பு 2019 இல் நம் நாட்டுக்குக் கிடைத்தது. எச்.டி. 86081 என்று எண்ணால் மட்டும் அறியப்பட்ட நட்சத்திரத்துக்கு, மக்களிடம் யோசனை கேட்டு, வாக்கெடுப்பு நடத்தி, 'விபா' என்று பெயரிட்டார்கள். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த வங்காளத்துப் பெண் விஞ்ஞானி விபா சௌத்ரியின் நினைவாக வந்த பெயர் அது. யாரும் ஒரு ரூபாய் கட்டவில்லை.

இன்னொன்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வானத்தில் ஏற்கெனவே உள்ள பெயர்களில் பெரும்பகுதி அரபுப் பெயர்கள். தை, மாசி மாதங்களில் இஷா தொழுதுவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். உச்சிக்கு அருகில் செம்மஞ்சள் நிறத்தில் தெரிவதை நம்மூரில் ரோகிணி என்பார்கள். விஞ்ஞானிகள் அல்டெபரான் என்பார்கள். அது 'அத்தபரான்', அதாவது பின்தொடர்வது. ஸுரய்யா என்ற கார்த்திகைக் கூட்டத்தின் பின்னாலேயே போவதால் அரபிகள் வைத்த பெயர். சற்றுத் தள்ளிச் சிவந்து தெரியும் திருவாதிரையின் உலகப் பெயர் பீட்டல்ஜூஸ். 'யதுல் ஜவ்ஸா', ஜவ்ஸாவின் கை என்பதுதான் அதன் மூலம். பெயரின் முதல் எழுத்தான யாவுக்குக் கீழே இரண்டு புள்ளி, பாவுக்கு ஒரு புள்ளி. ஐரோப்பாவில் படியெடுத்தவர்கள் இரண்டை ஒன்றாகப் படித்துவிட, யத் 'பத்' ஆகி, கடைசியில் இந்த உருவத்துக்கு வந்து சேர்ந்தது. மக்தபில் புள்ளியை விட்டுவிட்டு உஸ்தாதிடம் அடி வாங்கியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்! ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி இந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்தார். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குச் சொன்ன ஹதீஸ் திர்மிதி, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது. நட்சத்திரமோ, அதற்குப் பெயர் சூட்டும் உரிமையோ விற்பவரிடம் இல்லை. அரபிகளில் சிலர் வணங்கிவந்த ஷிஃரா நட்சத்திரத்தை (நாம் சிரியஸ் என்பது) பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்கும் இறைவன் தானே என்று அல்லாஹ் அந்நஜ்ம் அத்தியாயத்தின் 49 ஆம் வசனத்தில் அறிவிக்கிறான். உலகமே ஏற்கும் பெயர் என்று சொல்லி விற்றால் அது மோசடி. அந்த வருமானம் ஆகுமானதல்ல. "இது வெறும் நினைவுத்தாள், வேறெங்கும் செல்லாது" என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அது காகித வியாபாரம். அதை நாம் ஹராம் என்று சொல்ல மாட்டோம். ஒரு காகிதத்துக்கு அந்த விலை வீண்விரயம் இல்லையா என்பதை மட்டும் வாங்குபவர் யோசிக்கட்டும். ராசி பார்த்து நட்சத்திரம் தேர்ந்து தருகிறோம் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகக் கூடாது. அது சோதிடத்தின் வாசல்.

இதையெல்லாம் விளையாட்டுச் செலவாக மட்டும் நினைத்துக் கடந்துவிட முடியாதபடி திருப்பூரிலிருந்து ஒரு சகோதரியின் கேள்வி வந்தது. அவருடைய அக்காவின் குழந்தை ஏழு மாதத்தில் வஃபாத்தாகிவிட்டது. அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு நட்சத்திரம் வாங்கிக் கொடுத்தால், அக்கா இரவில் மாடியில் நின்று பார்த்து மனம் ஆறுவாளே என்றார்.

அவருடைய பாசத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் விற்கப்படுபவை பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கலான நட்சத்திரங்கள். அந்தத் தாய் மாடியில் நின்று தேடித் தேடிக் களைத்துப் போவார். பிறகு ஒருநாள் அது செல்லாத பெயர் என்று யாராவது சொன்னால், பிள்ளையை இரண்டாம் முறை இழந்தது போலாகும்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) பால்குடிப் பருவத்திலேயே வஃபாத்தானார்கள். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமுக்காகத்தான் வானம் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துக் கண்ணீர் வடித்த அந்தத் தந்தை அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். புகாரியில் இது இருக்கிறது. தம் மகனுக்குச் சுவர்க்கத்தில் பாலூட்டும் தாய் உண்டு என்று அவர்கள் சொன்னதும் அதே நூலில் இருக்கிறது.

திருப்பூர் சகோதரிக்கு நாம் திர்மிதியில் உள்ள ஒரு ஹதீஸை எழுதி அனுப்பினோம். பிள்ளையை இழந்த அடியான் அப்போதும் அல்லாஹ்வைப் புகழ்ந்தால், அவனுக்குச் சுவர்க்கத்தில் ஒரு வீடு கட்டி அதற்கு 'பைத்துல் ஹம்த்' என்று பெயர் வைக்கும்படி அல்லாஹ் மலக்குகளிடம் சொல்கிறான் என்பது அதன் கருத்து. அக்காவிடம் அதைப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டோம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். உலகம் ஏற்கும் பெயர் என்று உறுதி சொல்லி விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அன்பளிப்பாகப் பெற்றவர் மீது குற்றமில்லை. கொடுத்தவர் மனம் நோக அதைக் கிழித்துப் போட வேண்டியதுமில்லை, அலமாரியில் இருக்கட்டும். பிள்ளை பள்ளிக்கூடத்துச் செயல்திட்டத்தில் அந்தப் பெயரை நட்சத்திரத்தின் பெயர் என்று எழுதிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.