அழுமூஞ்சி சீரியல்னு சிரிக்கிறவங்களே... ஒரு நிமிஷம்!

பல வருஷமா இந்தப் பகுதியை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் நான். எழுதணும்னு கை பரபரத்தது இப்பதான். காரணம், எங்க ஊர்க் கோயில் திருவிழாவில் நடந்த ஒரு பட்டிமன்றம்.

தலைப்பு என்னன்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. 'குடும்ப நிம்மதியைக் கெடுப்பது சீரியலா, செல்போனா?' செல்போன் கட்சிக்காரர் கொஞ்சம் சுமாராகத்தான் பேசினார். சீரியல் கட்சிக்காரர் மைக்கைப் பிடிச்சதுமே கூட்டம் களை கட்டிடுச்சு. மூக்கைச் சிந்திக் காட்டினார். மாமியார் மாதிரி கண்ணை உருட்டினார். புருஷன் பசியோடு காத்திருக்க, பொண்டாட்டி டி.வி. முன்னால் அழுவதை நடித்தே காட்டினார். முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த நாங்க அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பொய் சொல்வானேன், நானும்தான் சிரிச்சேன்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அக்கா மட்டும் பேசாமல் நடந்து வந்தாங்க. அறுபத்தெட்டு வயசு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. வீட்டில் தனி ஆள். தெருமுனையில் நின்னு, "நானும் சிரிச்சேன்டியம்மா. ஆனா ராத்திரி அந்தப் பொட்டியை அணைச்சுட்டா எங்க வீட்டுல மனுஷக் குரலே கிடையாது. அது இவங்களுக்குத் தெரியுமா?"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. வந்த கோபத்தை எல்லாம் உங்க கிட்ட கொட்டிடறேன்.

சீரியலில் குறையே இல்லைன்னு சொல்ல வரலைங்க. ஒரு அறை விழுந்தால் அதை மூணு தரம் காட்டுறாங்க. இடி இடிக்குது, மின்னல் அடிக்குது, சுத்தி நிற்கிற பதினஞ்சு பேர் முகமும் ஒவ்வொண்ணா வந்து போறதுக்குள்ளே விளம்பரம் வந்துடுது. ஒருத்தனுக்கு ரெண்டு கல்யாணம், பாலில் விஷம், தலைநிறையப் பூ வச்ச வில்லி... இதையெல்லாம் எங்களைவிட நல்லாத் திட்ட யாரால் முடியும்? தினமும் பார்க்கிறவங்க நாங்கதானே! என் எரிச்சல் வேற. ஒரே விஷயம், நாங்க பார்த்தால் பைத்தியம், மத்தவங்க பார்த்தால் ரசனையா?

இழுத்தால் குற்றமா?

முதல் புகார், 'வருஷக்கணக்கா இழுக்கிறாங்க' என்பது. 'கோலங்கள்' 2003-லிருந்து 2009 வரை 1,500 எபிசோடுக்கு மேல் ஓடியது வாஸ்தவம்தான். ஆனால் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் பத்திரிகையில் தொடராக வந்ததுதானே? எங்க அப்பா அந்தப் பக்கங்களைக் கிழிச்சு வரிசையா அடுக்கி, பைண்டு பண்ணி, பீரோவில் பூட்டி வச்சிருந்தார். 'தொடரும்' போட்ட இடத்தில் அடுத்த வாரம் வரை தவிச்ச கதையைப் பெருமையாச் சொல்லுவார். யாரும் அவரைக் கேலி பண்ணினதில்லை. கல்கியோட எழுத்தையும் இன்றைய சீரியல் வசனத்தையும் ஒரே தட்டில் வைக்கிற அளவுக்கு நான் அசடு இல்லைங்க. ஆனால் 'அப்புறம் என்ன ஆச்சு?'ன்னு தவிக்கிற மனசு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? அப்பாவுக்கு அது இலக்கிய தாகம், எனக்கு மட்டும் வேலையத்த வேலையா?

அடுத்தது அழுகை. 1961-ல் வந்த 'பாசமலர்' படத்துக்கு ஊரே அழுதது. இன்னிக்கும் அதைக் காவியம்னுதான் சொல்றோம். நானும் அப்படித்தான் சொல்வேன். அண்ணன் தங்கைக்காகத் தியேட்டரில் அழுதால் காவியம். அதே அண்ணன் தங்கைக்காக என் வீட்டுக் கூடத்தில், முருங்கைக்கீரை ஆய்ந்துகிட்டே அழுதால் 'அழுமூஞ்சி'!

எங்க அக்கா பையன் இருக்கான். 'எப்பப் பார்த்தாலும் குடும்பச் சண்டை, சொத்துச் சண்டை, எப்படித்தான் பார்க்கிறீங்களோ சித்தி?' என்பான். அவன் விழுந்து விழுந்து பார்த்தது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. 2011-லிருந்து 2019 வரை எட்டு சீசன். ஒருநாள் கதை கேட்டேன். அண்ணன் தம்பிக்குள்ளே சண்டை, கல்யாணப் பந்தலில் விஷம், வாரிசு யாருன்னு குழப்பம். 'அடப்பாவி, இது நம்ம எட்டரை மணி சீரியல்டா!'ன்னேன். அங்கே சிம்மாசனத்துக்கு அடிச்சுக்கிறாங்க, இங்கே சாவிக்கொத்துக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்த்தால் 'உலகத் தரம்', இதைப் பார்த்தால் 'உருப்படாது'.

ராமாயணமும் சீரியல்தானே?

என் வீட்டுக்காரர் கதையையும் கேளுங்க. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டாங்க இல்லையா? படப்பிடிப்பெல்லாம் நின்னு போச்சு. தூர்தர்ஷனில் 1987-ல் ஆரம்பிச்ச 'ராமாயணம்' தொடரை மறுபடி போட்டாங்க. மனுஷர் காலையிலும் ராத்திரியிலும் குளிச்சு, விபூதி பூசிகிட்டு டி.வி. முன்னாடி உட்கார்ந்துடுவார். இந்தி ஒரு வார்த்தை தெரியாது! நான் பழைய சீரியலைப் போட்டால் மட்டும், 'ஆரம்பிச்சாச்சா உன் ஒப்பாரி?' என்பார். கூனியும் கைகேயியும் செய்யாத சதியா? தசரத மகாராஜாவுக்கு எத்தனை பொண்டாட்டின்னு நான் கேட்டேன். அன்னிக்கு மத்தியானம் சாப்பிடும்போது அவர் என்கூடப் பேசவே இல்லை.

விமர்சனம் எழுதுற பெரியவங்களையும் ஒண்ணு கேட்கணும். வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால், அது மறு வெள்ளிக்கிழமையே பெட்டிக்குள் போனாலும், நடிப்பு, வசனம், ஒளிப்பதிவுன்னு பிரிச்சு எழுதுறீங்க. வருஷக்கணக்கில் லட்சக்கணக்கான வீட்டில் ஓடுற தொடருக்கு எத்தனை தரம் அப்படி எழுதியிருக்கீங்க? கே.பாலசந்தர் சின்னத்திரைக்கு வந்தப்ப மரியாதையா எழுதினீங்க, அதுக்கு அவர் தகுதியானவர்தான். மத்தவங்களுக்கு எல்லாம் சேர்த்து 'மெகா சீரியல்'னு ஒரே முத்திரை. எது தேறும், எது தேறாதுன்னு பார்த்துச் சொல்லுங்க, கேட்டுக்கிறோம். பார்க்காமலே திட்டினால் அது எப்படி விமர்சனம் ஆகும்?

2022-ல் ஆரம்பிச்ச 'எதிர்நீச்சல்' தொடரையே எடுத்துக்குங்க. படிச்ச பொண்ணுங்களை மருமகளாக்கி அடுப்படியில் அடைச்சு வச்ச வீட்டோட கதை அது. மறைந்த மாரிமுத்து அந்த வீட்டுப் பெரியவரா நடிச்சு அதட்டினது ஆம்பளைங்க செல்போனில் எல்லாம் சுத்துச்சு. சீரியலே பார்க்காதவங்ககூட அதைப் பேசிக் காட்டினாங்க. அதட்டினவர் பிரபலம் ஆனார். அந்த நாலு மருமகள்களும் என்ன ஆனாங்கன்னு எத்தனை பேர் கேட்டாங்க? நாங்க கேட்டோம். அதுக்காகத்தான் பார்த்தோம்.

அக்கா சொன்ன கதை

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துட்டு, இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒண்ணைச் சொன்னாங்க.

அவங்க பொண்ணை 2003-ல் வெளியூரில் கட்டிக்கொடுத்தாங்க. அப்ப 'மெட்டி ஒலி' ஓடிக்கிட்டிருந்த சமயம். ஒரு அப்பா, அஞ்சு பொண்ணுங்க, கட்டிக்கொடுத்த வீட்டில் அந்தப் பொண்ணுங்க படுற பாடு. அம்மாவும் பொண்ணும் அவங்கவங்க ஊரில் இருந்தபடியே பார்ப்பாங்க. பொண்ணு போன் பண்ணும்போது பக்கத்தில் மாமியார் நிற்பாங்களாம். அதனால் பேச்செல்லாம் சீரியலைப் பத்தித்தான்.

ஒருநாள் பொண்ணு கேட்டிருக்கா, "ஏம்மா, அவ்வளவு பேச்சு வாங்கிட்டும் அந்தப் பொண்ணு ஏன் வாயே திறக்க மாட்டேங்குறா?"

அக்கா சும்மா கேட்டிருக்காங்க, "நீயா இருந்தா திறப்பியாடி?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். அப்புறம் லேசா ஒரு விசும்பல். "ரிசீவரை வச்சதுமே உங்க அண்ணன் கிட்ட சொல்லி, மறுநாள் காலையில் பஸ் ஏறிட்டோம்"னாங்க அக்கா. போய்ப் பார்த்தால் பொண்ணு பாதியா இளைச்சிருந்தா. உட்கார வச்சு நாலு வார்த்தை பேசி, மாப்பிள்ளைக்கும் புரிய வச்சு, தனிக்குடித்தனம் வச்சுட்டு வந்திருக்காங்க. இன்னிக்கு அந்தப் பொண்ணு நல்லா இருக்கா. பேரன் காலேஜ் படிக்கிறான். இப்பவும் அம்மாவும் பொண்ணும் தினம் ஒரே சீரியலைப் பார்த்துட்டு, முடிஞ்சதும் போனில் பேசிக்கிறாங்க.

"அந்தக் கதையை மட்டும் நாங்க பார்க்கலேன்னா அவ என் கிட்ட எப்படிச் சொல்லியிருப்பா?"ன்னு அக்கா கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை.

எல்லா வீட்டிலும் சீரியல் இப்படி உதவுதுன்னு நான் சொல்லலை. பிள்ளைங்க படிக்கிற நேரத்தில் சத்தமா வைக்கிறதும், வந்த விருந்தாளியை வாங்கன்னு கேட்காமல் திரையையே பார்க்கிறதும் தப்புதான். அதை நாமதான் திருத்திக்கணும். ஆனால் நாள் பூரா மத்தவங்களுக்காக ஓடுற ஒருத்தி, அரை மணி நேரம் உட்கார்ந்து இன்னொருத்தி கதையில் தன் கதையைத் தேடினால், அதைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி, பக்கத்தில் உட்கார்ந்து 'என்ன கதை?'ன்னு ஒரு தரம் கேட்டுப் பாருங்களேன்.

அந்தப் பட்டிமன்றத்தில் நடுவர் என்ன தீர்ப்பு சொன்னார்னு கேட்கிறீங்களா? 'ரெண்டும்தான்'னு சொல்லிட்டு, சால்வையை வாங்கிகிட்டுப் போயிட்டார். நீங்க என்ன தீர்ப்பு சொல்றீங்க சகோதரிகளே? எழுதுங்க.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்