கறுப்பு மையில் கங்கைகொண்ட சோழபுரம்

அஞ்சலகம் திறந்ததும் உள்ளே முதலில் நடக்கும் வேலை என்ன தெரியுமா? தேதி மாற்றுவது! முத்திரையின் நடுவில் செருகியிருக்கும் பொடி எழுத்துகளைக் கழற்றி, நேற்றைய தேதியை எடுத்துவிட்டு இன்றையதை வைப்பார்கள். அப்புறம் மைப்பெட்டியில் ஓர் அழுத்து. அதற்கென்றே இருக்கும் பதிவேட்டில் ஒரு குத்து. தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அன்றைய தபாலில் கை வைப்பார்கள். ஊர்ப் பெயரும் தேதியும் ஒன்றாகக் காகிதத்தில் இறங்கும் அந்த 'டக்' சத்தம் இருக்கிறதே, முத்திரை சேகரிப்பவர்களுக்கு அதுதான் நாதஸ்வரம்.

சில அஞ்சலகங்களில் இந்த வட்ட முத்திரையோடு இன்னொன்றும் இருக்கும். அதுதான் பட முத்திரை. அந்த ஊரின் கோயிலோ கோட்டையோ கோட்டுப்படமாக அதில் இருக்கும். படம் என்றும் மாறாது, தேதி மட்டும் தினம் மாறும். விழா நாளுக்கென்று ஒரே ஒரு நாள் மட்டும் போடும் சிறப்பு முத்திரை வேறு வகை. அதில் நம் நாட்டின் பெரும் புகழ் பெற்றது 1911 பிப்ரவரி 18-இல் அலகாபாத்தில் போட்டது. ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஏறக்குறைய 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். அந்தக் கடிதங்களின் மேல் விழுந்த முத்திரையில் ஒரு விமானமும் மலைகளும்!

சரி, நம் அரியலூர், பெரம்பலூருக்கு வருவோம். இந்த இரண்டு மாவட்டங்களும் முத்திரைப் பிரியர்களுக்குப் புதையல் என்பது என் தீர்மானமான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மேக்சிமம் கார்டு என்று ஒன்று உண்டு. ஒரு படத் தபால் அட்டை. அதன் படம் இருக்கும் பக்கத்திலேயே, படத்துக்குப் பொருத்தமான அஞ்சல் தலையை ஒட்டி, அதன் மேல் முத்திரை வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல இதற்கு மூன்று: பொருள், இடம், காலம். மூன்றும் கூடிவந்தால் சேகரிப்பவர் தரையில் நடக்க மாட்டார்!

அரியலூர்ப் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்த மூன்றும் கூடிவரும். ராஜேந்திர சோழன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டுக்காக 2015-இல் அஞ்சல் துறை தலை வெளியிட்டது. அட்டைக்கு அந்த ஊர்ப் பெரிய கோயில் விமானத்தின் படம். தஞ்சை விமானம்போல நேராக ஏறாமல் உள்வாங்கி வளைந்து ஏறும் அந்த 55 மீட்டர் அழகு. இல்லையென்றால் சண்டேசரின் தலையில் சிவன் மாலை சுற்றும் சிற்பம். நாள்? ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை. அன்றைய தேதியோடு அந்த ஊர் முத்திரை விழுந்தால், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது.

கவுன்டரில் முதலில், "ஐயா, பட முத்திரை இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வருந்தாதீர்கள். ஊர்ப் பெயர் உள்ள வட்ட முத்திரையே இடப் பொருத்தத்துக்குப் போதும். தபால் கட்டுக்கு அடிக்கும் வேகத்தில் அடித்தால் எழுத்து அப்பிவிடும். அட்டைக்கு அடியில் ரப்பர் விரிப்பு, முத்திரையில் மை குறைவு, வெள்ளைத் தாளில் ஒரு வெள்ளோட்டம், அப்புறம் நிதானமான அழுத்து. முத்திரையில் பாதி தலையின் மேலும் பாதி அட்டையின் மேலும் விழ வேண்டும். பளபளப்பான அட்டையில் மை சீக்கிரம் காயாது. மங்கல் தாளில் அச்சிட்ட அட்டையே உத்தமம். நேரில் போக முடியாதவர்கள் அஞ்சல் தலை ஒட்டிய கவரை, ஒரு வேண்டுகோள் கடிதத்தோடு போஸ்ட் மாஸ்டருக்கு அனுப்பலாம்.

பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூர். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கும் மரம். வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு! இதை 1940-இல் உலகுக்குச் சொன்னவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன். 1951-இல் அத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவரும் அவரே. அதே 1951-இல் அத்துறையின் நூற்றாண்டுக்காக வந்த இரண்டு அணா தலையில் இருப்பவை ஸ்டெகோடான் என்ற ஆதிகால யானைகள். ஆல்பத்தில் அந்தத் தலையையும், சாத்தனூர் மரத்தின் படத்தையும், பெரம்பலூர் முத்திரையையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை தேற்றலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆடித் திருவாதிரை என்றைக்கு வருகிறது என்று காலண்டரில் முன்கூட்டியே பாருங்கள். ஞாயிறாக இருந்தால் அஞ்சலகம் திறக்காது. வேலை நாளாக இருந்தால் கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே போய் நில்லுங்கள்.