கயிறும் கந்தைத் துணியும்: ஆசியாவில் மனித உரிமைக் காப்பாளர் பயிற்சி

நம் ஆயர்களில் பலர் தம் திருப்பணிக் காலத்தில் ஒரு முறையேனும் எதிர்கொள்ளும் நிலை ஒன்றுண்டு. காவல் நிலையத்தில் அடிபட்டவரின் தாயோ, நிலத்தினின்று வெளியேற்றப்பட்ட குடும்பத்தாரோ, கூலி மறுக்கப்பட்ட தொழிலாளியோ ஆயர் இல்லத்தின் வாயிலில் வந்து நிற்பர். அவர்களுக்கு ஆறுதல் கூறவும் அவர்களோடு ஜெபிக்கவும் நாம் பயிற்றுவிக்கப்பட்டுள்ளோம். ஆனால் அவர்கள் கூறுவதைப் பிழையின்றி எழுதுவதற்கும், எந்த வாயிலை எவ்வாறு தட்டுவது என்று அறிவதற்கும், நம் செயலாலேயே அவர்களுக்கு மேலும் தீங்கு நேராமற் காப்பதற்கும் பயிற்சி பெற்றுள்ளோமா?

நீதியின்மேல் உள்ள ஆர்வம் மட்டும் இப்பணிக்குப் போதாது என்பதே நம் கருத்து. பிறர் உரிமைக்காக நிற்பது கற்றுத் தேர வேண்டிய ஒரு பணி; அப்பணியில் நிற்பவரைத் தாங்குவதும் அவ்வாறே. ஆசிய, பசிபிக் நாடுகளில் இவ்விரண்டும் எவ்வாறு வளர்ந்தன என்பதை இங்கு விளக்கி, இறையியற் கல்வி அதனின்று பெறவேண்டியது யாது எனக் காண்போம்.

1. காப்பாளர் என்போர் யார்?

ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 1998 டிசம்பர் 9ஆம் நாள் மனித உரிமைக் காப்பாளர் பற்றிய அறிக்கையை ஏற்றது. 1985இல் தொடங்கிய அதன் வரைவுப் பணி 13 ஆண்டுகள் நீடித்தது என்பதே நாடுகளின் தயக்கத்தைக் காட்டும். மனித உரிமைகளைப் பேணவும் வளர்க்கவும் ஒவ்வொருவருக்கும், தனித்தும் பிறரோடு சேர்ந்தும், உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஆகவே காப்பாளர் என்பது ஒருவர் செய்யும் செயலால் வரும் பெயர். பட்டமோ பதவியோ அதற்குத் தேவையில்லை. வழக்குரைஞர், செய்தியாளர், தொழிற்சங்கத்தார், சிற்றூர்ப் பெண்கள் குழுவின் தலைவி, ஆயர் என, வன்முறையை நாடாது பிறர் உரிமைக்காகச் செயற்படும் எவரும் காப்பாளரே.

இவ்வறிக்கை புதிய உரிமை எதனையும் படைக்கவில்லை. ஒன்றுகூடுதல், செய்தி தேடுதல், அதிகாரிகளின் செயலைக் குறித்து முறையிடுதல், உலக அமைப்புகளோடு தடையின்றித் தொடர்புகொள்ளுதல், இப்பணிக்கெனப் பொருளுதவி பெறுதல் ஆகியவை காப்பாளருக்கும் உரியவை என அது தெளிவாக்குகிறது. நாடுகளைச் சட்டப்படி பிணிக்கும் உடன்படிக்கையாக அது அமையவில்லை. எனினும் காப்பாளர் நிலையைக் கண்காணிக்க 2000ஆம் ஆண்டில் தனிப் பிரதிநிதி ஒருவர் அமர்த்தப்பட்டார். பாகிஸ்தானிய வழக்குரைஞர் ஹினா ஜிலானி அம்மையாரே அப்பொறுப்பை முதலில் ஏற்றவர்.

2. ஆசியாவின் தனி நிலை

ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று பகுதிகளிலும் மனித உரிமைகளுக்கான வட்டார நீதிமன்றங்கள் உள்ளன. தன் நாட்டில் நீதி கிடைக்காதவர், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவற்றை நாடலாம். ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் அத்தகைய நீதிமன்றம் இல்லை. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு 2009இல் மனித உரிமை ஆணையம் ஒன்றை நிறுவியபோதிலும், தனி மனிதரின் முறையீட்டை விசாரித்துத் தீர்ப்புக் கூறும் அதிகாரம் அதற்கு அளிக்கப்படவில்லை.

இதனால் ஆசியக் காப்பாளர் செல்லவேண்டிய வழி நீண்டது. தம் நாட்டு நீதிமன்றங்களையும் தேசிய மனித உரிமை ஆணையத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எழுதும் முறையையும், 2008 முதல் ஒவ்வொரு நாட்டின் உரிமை நிலையையும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆராய்ந்துவரும் உலகளாவிய ஆய்வுமுறையில் மக்கள் அமைப்புகள் அறிக்கை அளிக்கும் வழியையும் அறிந்திருக்க வேண்டும். வழி நீளும்போது வழிகாட்டியின் தேவை மிகுகிறது. இங்குதான் பயிற்சி இன்றியமையாததாகிறது.

3. கிழக்குத் தீமோர் தந்த பாடம்

1975 டிசம்பர் 7ஆம் நாள் இந்தோனேசியப் படை கிழக்குத் தீமோரினுள் நுழைந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் நாட்டைவிட்டுப் புறப்பட்ட ஜோசே ராமோஸ்-ஹோர்ட்டா, 26 வயதுகூட நிறையாத இளைஞராக நியூயார்க்கில் பாதுகாப்பு அவையின் முன் தம் மக்களுக்காகப் பேசினார். படை விலகவேண்டும் என அவை அம்மாதமே தீர்மானம் நிறைவேற்றியது, படையோ விலகவில்லை. பொதுப்பேரவை ஆண்டுதோறும் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆதரவோ காலப்போக்கில் தேய்ந்தது. 1982இல் ஆதரவாக 50 வாக்குகளும் எதிராக 46 வாக்குகளும் பதிவாயின. 50 நாடுகள் வாக்களிக்கவில்லை. அதன்பின் அப்பேரவையில் இப்பொருள் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.

இவ்வாண்டுகளில் அவர் அரசியல் தூதுப் பணியின் நுட்பங்களைச் செய்தே கற்றார். எந்தக் குழுவில் எப்போது பேசுவது, எந்தத் தூதரை யார் வழியாக அணுகுவது, எத்தகைய சான்று ஏற்கப்படும் என்பனவற்றை அவருக்குக் கற்பிக்க ஒருவரும் இல்லை. 1989இல் அவர் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையாரோடு இணைந்து தூதுப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அரசுகளுக்கெனப் பயிற்சி பெற்ற தூதர்கள் உளர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அத்திறன் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தொல்குடி மக்கள், புலம்பெயர் தொழிலாளர் முதலியோரிடையே பணிபுரிவோர் அதில் பயின்றனர். பயிற்சி பின்னர் ஆசிய நாடுகள் பலவற்றிலும் நடைபெற்றது. கிழக்குத் தீமோர் மக்கள் 1999 ஆகஸ்டு 30இல் நடந்த வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் ஆதரவுடன் விடுதலையைத் தெரிந்துகொண்டனர். 2002 மே 20இல் நாடு விடுதலை பெற்றது.

இவ்வாறே வேறு அமைப்புகளும் எழுந்தன. மனித உரிமைக்கும் வளர்ச்சிக்குமான ஆசிய மன்றம் 1991இல் மணிலாவில் உருவாயிற்று. பசிபிக் தீவுகளில், பிஜியின் தலைநகரான சூவாவை மையமாகக் கொண்டு, ஊர்மக்களிடையிலிருந்தே சட்ட உதவியாளர்களைப் பயிற்றுவிக்கும் பணி 1990களில் தொடங்கிற்று. அங்கு முதன்மையான சிக்கல் இல்லங்களில் பெண்கள் அடையும் வன்முறையே. வானுவாட்டு 2008இல் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது, அது கிறிஸ்தவ நெறிக்கும் மரபுக்கும் முரணானது என்ற எதிர்ப்பும் எழுந்தது. காப்பாளரின் பாதையில் திருச்சபையே தடையாக நிற்கக்கூடும் என்பதை இது நினைவூட்டுகிறது.

4. கற்பிக்கப்படுவது யாது?

இப்பயிற்சியின் உயிர்நாடி சாட்சியத்தைப் பதிவு செய்தல். யார், யாருக்கு, எதை, எங்கே, எப்போது செய்தார் என்பவற்றைத் தனித்தனியே எழுதவேண்டும். கண்டதும் கேட்டதும் கலவாதிருத்தல் வேண்டும். தெரியாததை ஊகத்தால் நிரப்பலாகாது. மிகைப்படுத்திய ஒரு வரி, உண்மையான பத்து வரிகளையும் ஐயத்துக்குள்ளாக்கும். பொய்ச்சாட்சி கூறாதிருக்கும் கற்பனை எதிராளிக்கு மட்டும் உரியதன்று. ஏழைக்காகப் பேசுவோரையும் அது கட்டுப்படுத்துகிறது.

அடுத்தது ஒப்புதல். துன்புற்றவரின் கதை அவருக்கே உரியது. பெயரை வெளியிடலாமா, யாரிடம் காட்டலாம், வெளிவந்தால் என்ன நேரக்கூடும் என்பதை அவருக்கு விளக்கி, அவர் விருப்பத்தை அறிந்த பின்னரே எதையும் செய்யவேண்டும். வதையுற்றவரை மீண்டும் மீண்டும் அதைக் கூறச்செய்வது அவ்வதையைப் புதுப்பிப்பதாகும். வதையை ஆய்ந்து பதிவு செய்தற்கென 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை இதனை வலியுறுத்துகிறது. பெயர்ப்பட்டியல்களையும் கடிதங்களையும் காத்தல், நிறைவேற்ற இயலாத வாக்குறுதியைக் கொடாதிருத்தல் ஆகியவையும் பாடத்தைச் சார்ந்தவை.

இவ்வுழைப்பின் பயன் உடனே தெரிவதில்லை. பிலிப்பைன்ஸில் 1972இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைக் கொணர்ந்தார். 1974இல் உரோமன் கத்தோலிக்கத் துறவற சபைத் தலைவர்களின் கூட்டமைப்பு, கைதிகளுக்கான பணிக்குழுவை அமைத்தது. சிறைகளுக்குச் சென்று பெயர்களையும் நாட்களையும் வதைகளையும் குறித்துவைப்பது அதன் அன்றாடப் பணியாயிற்று. அதே ஆண்டில், ஏறத்தாழ இரண்டாண்டு சிறையிருந்து விடுதலையான ஹோசே டியோக்னோ இலவச சட்ட உதவி வழக்குரைஞர் குழுவைத் தொடங்கினார். அந்நாட்களில் அக்குறிப்புகளை ஏற்க ஆயத்தமான நீதிமன்றம் அரிது. ஆயினும் 2013இல், துன்புற்றோரை ஏற்று ஈடுசெய்யும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. 75,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 2018க்குள் 11,103 பேரின் கோரிக்கை ஏற்கப்பட்டது. நாற்பதாண்டுக்கு முன் நிகழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டிய அந்த வேளையில், எழுதிவைத்தவர்களின் உழைப்பு என்ன மதிப்புடையது என்பது விளங்கியது.

5. தாங்குவோர் யார்?

பயிற்சி பெற்றவர் தனித்து விடப்பட்டால் பயிற்சியே அவருக்கு ஆபத்தாகலாம். தாய்லாந்தின் வழக்குரைஞர் சோம்சாய் நீலபைஜித், வதையுற்றதாக முறையிட்ட தென்பகுதிக் கைதிகளுக்காக வாதிட்டவர். 2004 மார்ச் 12இல் பாங்காக்கில் காணாமலாக்கப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 7இல் இந்தோனேசியாவின் முனீர், விமானப் பயணத்தில் ஆர்சனிக் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். சோம்சாயின் மனைவி அங்கானா தாமே காப்பாளராகி, பிற குடும்பங்களையும் ஒன்றுசேர்த்து உழைத்தார். வதையையும் காணாமலாக்குதலையும் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் 2022இல்தான் நிறைவேறியது.

நம் மண்ணோடு தொடர்புடைய எடுத்துக்காட்டும் உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, 1975 முதல் 1986 வரை பெங்களூர் இந்தியச் சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, மக்கள் பணியாளர் பலரைப் பயிற்றுவித்தவர். பின்னர் ஜார்க்கண்டில், விசாரணைக் கைதிகளாகச் சிறையிலிருந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உழைத்தார். 2020 அக்டோபர் 8இல், 83ஆம் வயதில், பார்க்கின்சன் நோயுற்ற நிலையில் கைது செய்யப்பட்டார். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் விசாரணைக்கு வருமுன்னரே, பிணை கிடைக்காத நிலையில், 2021 ஜூலை 5இல் மும்பை மருத்துவமனையில் இறந்தார். பயிற்றுவித்தவருக்கே தாங்குவோர் தேவைப்பட்டனர்.

தாங்குதலின் மிக எளிய வடிவத்தைக் கொரியச் சபைகள் காட்டின. 1974இல், கைதானோரின் குடும்பத்தாரும் ஆயர்களும் சேவுலில் வியாழன்தோறும் ஜெபத்திற்குக் கூடினர். செய்தித்தாள் வெளியிடாத செய்தி அங்கு ஜெபவிண்ணப்பமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் புரட்சிக் கட்சி வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்ட எண்மரின் மனைவியர், உதவுவார் இன்றி வந்து நின்றனர். மெதடிஸ்டு ஊழியர் ஜார்ஜ் ஓகிள் அவ்வெண்மருக்காக வெளிப்படையாக ஜெபித்தார். அவ்வாண்டு டிசம்பரில் நாடுகடத்தப்பட்டார். 1975 ஏப்ரல் 9இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மறுநாளே, எண்மரும் தூக்கிலிடப்பட்டனர். 2007இல் சேவுல் நீதிமன்றம் மறுவிசாரணை நடத்தி அவர்கள் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பளித்தது. அந்த ஜெபம் உயிர்களை மீட்கவில்லை. ஆனால் குடும்பங்களைத் தனிமையினின்று மீட்டது, உண்மை புதைந்துபோகாமற் காத்தது.

6. எபெத்மெலேக்கின் திருப்பணி

எரேமியா 38ஆம் அதிகாரத்தில் இப்பணியின் முழு வடிவத்தையும் காண்கிறோம். தீர்க்கதரிசி துரவில் இறக்கப்பட்டு உளையில் அமிழ்ந்திருக்கிறார். அந்நியரான எத்தியோப்பியர் எபெத்மெலேக் அதைக் கேள்விப்படுகிறார். அவர் கூச்சலிடவில்லை, மறைவாகத் துரவுக்கு ஓடவுமில்லை. அரசன் அமர்ந்திருந்த பென்யமீன் வாசலுக்கு வெளிப்படையாகச் சென்று, செய்யப்பட்ட தீமையையும் அதனால் நேரவிருக்கும் சாவையும் சுருக்கமாக எடுத்துரைக்கிறார். அரசனின் ஆணையையும் 30 ஆட்களையும் பெறுகிறார். பின்னர் பொக்கிஷ அறையின் கீழிருந்து பழைய கந்தைத் துணிகளை எடுத்துக் கயிற்றோடு இறக்கி, அவற்றைக் கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளுமாறு எரேமியாவிடம் கூறுகிறார்.

முறையான மனு, போதிய துணை, தூக்கப்படுபவரைப் புண்படுத்தாத கவனம் ஆகிய மூன்றும் இங்கு உள்ளன. கயிறு மட்டும் இருந்திருந்தால் எரேமியா மேலே வந்திருப்பார், ஆனால் புண்பட்டிருப்பார். நம் நல்லெண்ணச் செயல்கள் பல, கந்தைத் துணியில்லாத கயிறுகளே.

வரலாறு அத்துடன் முடியவில்லை. 39ஆம் அதிகாரத்தின் இறுதியில் ஆண்டவரின் வார்த்தை எபெத்மெலேக்குக்கே வருகிறது. அவர் அஞ்சும் மனிதரின் கையில் விடப்படமாட்டார் என்று அது உறுதி கூறுகிறது. அப்படியானால் அவ்வீரர் அஞ்சியிருந்தார். காப்பாளரின் அச்சத்தை இறைவன் அறிந்திருந்தார். அதை இழிவாக எண்ணாது அதற்கு மறுமொழி தந்தார். திருச்சபையும் அவ்வாறே செய்யக் கடமைப்பட்டுள்ளது.

7. நம் முன் உள்ள கடமை

முதலாவது, ஆயர்த்துவ ஆலோசனைப் பாடத்தோடு சாட்சியம் பதிவு செய்யும் முறையும் கற்பிக்கப்பட வேண்டும். செவிகொடுக்கப் பழகிய மாணவருக்கு அது எளிது. இரண்டாவது, அடிப்படைச் சட்ட அறிவு தேவை. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, நிகழ்ந்து ஓராண்டு கடந்த செயலை இந்திய ஆணையங்கள் விசாரிக்க இயலாது. இதனை அறியாத ஆயர் காட்டும் பொறுமை, ஏழையின் வாய்ப்பை அழித்துவிடும். மூன்றாவது, ஒவ்வொரு திருமண்டிலமும் அச்சுறுத்தப்படும் காப்பாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் தங்குமிடம், சட்ட உதவி, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றுக்கென ஒரு நிதியையும் சிறு குழுவையும் ஏற்படுத்தலாம். நான்காவது, ஆராதனையில் அவர்களுக்காக ஜெபிக்கவேண்டும். பெயர் கூறுவது அவருக்குப் பாதுகாப்பா ஆபத்தா என்பதை அவரிடமே கேட்டு ஜெபிக்கவேண்டும். இறுதியாக, சபைக்குள்ளும் சபையின் நிறுவனங்களிலும் சாதியாலும் அதிகாரத்தாலும் இழைக்கப்படும் அநீதியை எதிர்ப்பவரையும் காப்பாளராக ஏற்கவேண்டும். வெளியே உள்ள துரவை மட்டும் காண்போமாயின் நம் சாட்சி நம்பப்படாது.

எரேமியாக்களுக்காக இறைவனை வேண்டிக்கொள்ளும் சபைகள் பல உள்ளன. எபெத்மெலேக்குகளை உருவாக்கும் பொறுப்பு இறையியற் கல்லூரிகளுடையது. அடுத்த முறை ஒருவர் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, நம் கையில் கயிறு மட்டுமா, கந்தைத் துணியும் உண்டா என்பதை இன்றைய வகுப்பறையே தீர்மானிக்கும்.