பழைய சோறும் பகாளாவும்

அசாமின் சில்காட் டவுனுக்குப் போற ரயில் நம்ம தாம்பரத்துல இருந்துதான் கிளம்புது. அந்தப் பக்கத்துல இருந்து வேலைக்கு வர்றவங்க எல்லாரையும் 'வடக்கன்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம்.

ஆனா அவங்க வீட்டுப் பானையும் நம்ம வீட்டுப் பானையும் ஒண்ணுதான். ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வெச்சா, லாக்டிக் அமில பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். நமக்கு அது பழைய சோறு. ஒடிசாவில் பகாளா, வங்கத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத். ஒடிசாக்காரங்க மார்ச் 20-ஐ பகாளா தினமாவே கொண்டாடுறாங்க. கடிச்சுக்க அங்கேயும் வெங்காயம், பச்சை மிளகாய்தான்.

அடுத்த தடவை மெஸ் அண்ணாகிட்ட, "சின்ன வயசுல காலைல என்ன சாப்பிடுவீங்க?"ன்னு கேளுங்க. அப்படியே அவர் பேரையும் கேட்டுக்கோங்க.