பூச்சியை வளரவிடாத மருந்து
ஆப்பிள் தோட்டங்களில் புதிய முறை

1964-ல் செக்கோஸ்லோவாகிய விஞ்ஞானி கரேல் ஸ்லாமா அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்கு வந்தார். தாம் ஆராய்ந்து வந்த சிவப்பு நாவாய்ப் பூச்சிகளையும் கொண்டு வந்தார். தாய்நாட்டில் நன்றாக வளர்ந்த பூச்சிகள் இங்கே முதிர்ச்சியடையவே இல்லை. குஞ்சுப் பருவத்திலேயே மறுபடி தோல் உரித்து மடிந்தன. காரணம், டப்பாவில் விரித்திருந்த காகிதம்! 'நியூயார்க் டைம்ஸ்' தாளும் அதே வேலையைச் செய்தது. லண்டன் 'டைம்ஸ்' தாளில் ஒன்றும் ஆகவில்லை. (பத்திரிகைக்காரர்களுக்கு இதில் பெருமையா, சிறுமையா தெரியவில்லை.) அமெரிக்கக் காகிதத்துக்குக் கூழ் தரும் பால்சம் ஃபர் மரத்தில், பூச்சியின் இளமையை நீட்டிக்கும் ஹார்மோனைப் போன்ற பொருள் இருந்தது.

இப்படிப் பூச்சியின் வளர்ச்சியைக் குலைக்கும் மருந்துகள் இன்று பல உண்டு. டைஃப்ளூபென்சூரான், புதுத் தோல் உருவாகாமல் தடுக்கிறது. டெபுஃபெனோசைடு, காலத்துக்கு முன்பே தோல் உரிக்க வைக்கிறது.

லடாக்கில் ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியின் புழு, பழத்துக்குள் புகுந்துவிட்டால் எந்தத் தெளிப்பும் எட்டாது. முட்டை பொரியும் நாளைக் கணித்துத் தெளித்தால்தான் பலன்.

இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேனின் கதை வேறு. அது பூச்சியே அல்ல. எட்டுக் கால் பிராணி. கடுமையான மருந்துகளை அடிக்க அடிக்க, அதைத் தின்னும் நல்ல சிலந்திப் பேன்கள்தான் முதலில் அழிந்தன, பகை பெருகிற்று. இலை வெண்கல நிறமாகிப் பழம் சிறுத்தது. ஹெக்ஸிதையாசாக்ஸ் முட்டையையும் குஞ்சையும் மட்டும் தாக்கும். வளர்ந்த பேன் அப்படியே ஊர்ந்துகொண்டிருக்கும். மறுநாள் காலையில் செத்த பேனைத் தேடும் தோட்டக்காரர், மருந்து போலி என்று எண்ணி வேறொன்றை அடிப்பார். பணமும் போகும், நல்ல பேனும் போகும். ஒரு வாரமாவது பொறுத்து, பூதக்கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதே முறை.

ஆனால் இவை சாதுவான மருந்துகள் என்று நம்பிவிடக் கூடாது. ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தையை அறிந்த நம் வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1980-களின் இறுதியில் இத்தாலியில் பட்டுப் புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன, கூடு கட்டவில்லை. பழத்தோட்டங்களில் தெளித்த ஃபெனாக்சிகார்ப், காற்றில் பரவி மல்பெரி இலையில் படிந்திருந்தது. மிக மிகச் சிறிய அளவே போதுமாயிருந்தது.

காஷ்மீரில் ஆப்பிளும் உண்டு, பட்டும் உண்டு. அங்கே இத்தகைய மருந்தைத் தெளிக்குமுன் பக்கத்து மல்பெரிக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.